பட்டாசு நஞ்சைச் சுவாசிக்கும் பாக்டீரியா!

கரிசல் கிணறுகளில் இறங்கும் பெர்குளோரேட்... கண்மாய்ச் சேற்றிலேயே காத்திருக்கும் தீர்வு

சாயங்காலம் ஐந்து மணி. கோவில்பட்டியிலிருந்து சாத்தூர் போகும் வழியில், கைவேலை இன்னும் மிச்சமிருக்கும் சின்னத் தீப்பெட்டி ஆபீஸ்களில் வேலை முடிகிற நேரம். கட்டை அடுக்கிய பெண்கள் முந்தானையை உதறிக்கொண்டு வெளியே வருகிறார்கள். உள்ளே, குச்சி முக்கிய மருந்துத் தட்டைக் கழுவுகிறார்கள். பொட்டாசியம் குளோரேட், கந்தகம், பசை, கண்ணாடித் தூள் எல்லாம் கலந்த குழம்பின் மிச்சம் தண்ணீரோடு வாசலைத் தாண்டி ஓடுகிறது. நாலடி ஓடுவதற்குள் கரிசல் மண் அதைக் குடித்துவிடுகிறது. சாயமும் சக்கையும் மேலே படிந்து வெயிலில் காய்கின்றன. கரைந்த உப்பு மட்டும் தண்ணீரோடு கீழே இறங்குகிறது.

தலைமுறை தலைமுறையாக இப்படி இறங்கியது எங்கே போனது? 2013-ல் வெளியான ஓர் ஆய்வு அதற்குப் பதில் சொன்னது. நியாயமாக அன்றே நம் ஊர்ப் பஞ்சாயத்துகளிலும் சட்டமன்றத்திலும் பேசப்பட்டிருக்க வேண்டிய பதில் அது.

கிணற்றில் 7,690

ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழக விஞ்ஞானிகளும் தமிழக ஆய்வாளர்களும் சேர்ந்து சிவகாசி, மதுரைப் பகுதிகளில் தண்ணீர் மாதிரிகள் எடுத்தார்கள். நிலத்தடி நீர் 60, மேற்பரப்பு நீர் 11, குழாய் நீர் 3. அவற்றில் அவர்கள் தேடியது, குளோரேட்டின் உறவு உப்பான பெர்குளோரேட். ஒரு குளோரின் அணுவை நான்கு ஆக்சிஜன் அணுக்கள் சூழ்ந்திருக்கும் உப்பு இது. எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனைத் தன்னுள்ளேயே வைத்திருப்பதால் வாணவேடிக்கைக்கும் ராக்கெட்டுக்கும் இதைச் சேர்க்கிறார்கள்.

பட்டாசு ஆலைகள் உள்ள பகுதியின் நிலத்தடி நீரில் அதிகபட்சமாக லிட்டருக்கு 7,690 மைக்ரோகிராம் இருந்தது. குடிநீரில் 70 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2017-ல் சொன்ன வழிகாட்டு அளவு. அதைப்போல் சுமார் 110 மடங்கு. மேற்பரப்பு நீரில் அதிகபட்சமே 30.2 மைக்ரோகிராம்தான். குழாய் நீரில் 0.4-ஐக்கூடத் தொடவில்லை.

இந்த மூன்று எண்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். தூரத்து ஆற்றிலிருந்து குழாயில் வரும் தண்ணீரைக் குடிப்பவருக்குப் பயம் குறைவு. கோவில்பட்டி நகரம் சீவலப்பேரியிலிருந்து வரும் தாமிரபரணித் தண்ணீரைக் குடிக்கிறது. குழாய் வராத நாளில் ஆலைக்குப் பக்கத்துக் கிணற்றையும் ஆழ்துளைக் கிணற்றையும் நம்பும் குடும்பத்துக்குத்தான் ஆபத்து. வழக்கம்போல, கையில் காசு குறைந்தவர் வீட்டுக் குடத்தில்தான் நஞ்சு அதிகம்.

அந்த மாதிரிகள் சிவகாசி, மதுரைப் பகுதிகளில் எடுத்தவை. ஆனால் ஆய்வாளர்கள் மாசுக்குக் காரணமாகக் கைகாட்டியது பட்டாசுத் தொழிலையும் தீப்பெட்டித் தொழிலையும். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுவந்து 1923-ல் சிவகாசியில் தொடங்கிய தீப்பெட்டி, சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை, எட்டயபுரம் என்று இந்த வானம் பார்த்த பூமி முழுக்கப் பரவியது. தொழில் பரவிய இடமெல்லாம் கிணறுகளையும் பார்த்தாக வேண்டும்.

கரிசல் ஏன் பிடித்து வைக்கவில்லை?

கரிசல் மண் எதையும் எளிதில் விடாது என்று சம்சாரிகள் பெருமையாகச் சொல்வார்கள். ஒரு மழை ஈரத்தை மாதக்கணக்கில் பிடித்து வைத்துப் பருத்தியையும் கம்பையும் உளுந்தையும் கரையேற்றும் மண். அதன் களித்துகள்களின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் இருப்பதால் சுண்ணாம்பு, சாம்பல் சத்துகள் அதில் ஒட்டிக்கொள்கின்றன. பெர்குளோரேட்டும் எதிர்மின்னூட்டம் கொண்டது. ஒரே மின்னூட்டம் ஒன்றையொன்று தள்ளும். எனவே களி அதைத் தொடாமல் விட்டுவிடுகிறது.

போதாக்குறைக்கு வெடிப்பு. சித்திரை, வைகாசியில் கரிசல் காடு பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். கைத்தடியை விட்டால் முழுசாக உள்ளே போகும் வெடிப்புகள் உண்டு. முதல் மழை மண்ணில் ஊறுவதற்கு முன்பே அந்தப் பிளவுகள் வழியாக நேரே கீழே இறங்கும். மேலே கிடந்த உப்பையும் கரைத்துக் கூட்டிக்கொண்டு போய்ப் பாறை இடுக்கு நீரில் சேர்த்துவிடும். அங்கே போன பெர்குளோரேட் தானாக அழியாது. நிறமில்லை, மணமில்லை. காய்ச்சினாலும் போகாது, தண்ணீர் ஆவியாவதால் மிஞ்சிய நீரில் இன்னும் செறியும்.

தொண்டையில் நடக்கும் திருட்டு

நம் கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பிக்கு அயோடின் வேண்டும். ரத்தத்தில் வரும் அயோடினை உள்ளே இழுக்க அதன் செல்களில் ஒரு புரத வாசல் உண்டு. பெர்குளோரேட்டின் அளவும் மின்னூட்டமும் அயோடினை ஒத்திருப்பதால் அந்த வாசலில் அது முந்திக்கொள்கிறது. கல்யாணப் பந்தியில் அழைக்காத ஆள் முந்தி உட்கார்ந்தால், அழைத்து வந்த உறவினர் பசியோடு நிற்க வேண்டியதுதான். அயோடின் வெளியே நின்றுவிட, ஹார்மோன் சுரப்பு குறைகிறது. மருத்துவம் இதை அறுபது எழுபது ஆண்டுகளாக அறியும். 1950-களில் மிகையாகச் சுரக்கும் தைராய்டை அடக்க பொட்டாசியம் பெர்குளோரேட்டையே மருந்தாகக் கொடுத்தார்கள். சிலருக்கு எலும்பு மஜ்ஜையில் ரத்த உற்பத்தி நின்றுபோனதால் அந்தப் பழக்கம் குறைந்தது.

திடகாத்திரமான ஆள் கொஞ்சம் பெர்குளோரேட்டைத் தாங்கிக்கொள்வார். கருவில் இருக்கும் குழந்தைக்கு அந்தச் சலுகை இல்லை. கருவின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைராய்டு ஹார்மோன் கட்டாயம் தேவை. பெர்குளோரேட் தாய்ப்பாலிலும் வரும். அயோடின் குறைந்த உடலில் அதன் பாதிப்பு கூடும்.

இந்த இடத்தில் நம் மாநிலத்தின் இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். தூத்துக்குடி உப்பு நாடெங்கும் போகிறது. ஆனால் 2018-19 இந்திய அயோடின் கணக்கெடுப்பில், போதிய அயோடின் சேர்ந்த உப்பைப் பயன்படுத்தும் வீடுகளின் விகிதத்தில் தமிழ்நாடு கடைசி இடம்: 61.9 சதவீதம். நாட்டின் சராசரி 76.3. கிணற்றில் பெர்குளோரேட், அடுப்படியில் அயோடின் இல்லாத கல்லுப்பு. இரண்டும் ஒரே வீட்டில் சேர்ந்தால் அந்த வீட்டுக் கர்ப்பிணிக்கு இரட்டைச் சுமை.

■ பெட்டிச் செய்தி: எந்த ஊரில் என்ன அளவு?
(ஒரு லிட்டர் குடிநீரில், மைக்ரோகிராம்)
• மாசசூசெட்ஸ் மாநிலம் (2006): 2
• கலிபோர்னியா மாநிலம் (2007): 6
• உலக சுகாதார நிறுவனம் (2017): 70
• இந்தியக் குடிநீர்த் தரம், ஐ.எஸ். 10500 (2012): பெர்குளோரேட்டுக்கு வரம்பே இல்லை
• பட்டாசு ஆலைப் பகுதி நிலத்தடி நீரில் கண்ட உச்சம்: 7,690

சேற்றுக்குள் ஒரு மூச்சு

இனி நல்ல சேதி. இந்த உப்பைத் தின்று தீர்க்கும் உயிர்கள் இருக்கின்றன. சரியாகச் சொன்னால், அவை இதைச் சுவாசிக்கின்றன.

நாம் சோற்றிலிருந்து சக்தி எடுக்க ஆக்சிஜனைச் சுவாசிக்கிறோம். உணவு எரியும்போது வெளிவரும் எலெக்ட்ரான்களைக் கடைசியில் யாராவது வாங்கிக்கொள்ள வேண்டும். நம் உடலில் ஆக்சிஜன் வாங்கிக்கொள்கிறது. காற்றே புகாத சேற்றில் வாழும் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் கிடைக்காது. நைட்ரேட், இரும்பு, சல்பேட் என்று கையில் கிடைத்ததிடம் எலெக்ட்ரானைக் கொடுத்து அது பிழைக்கிறது. இதைத்தான் காற்றில்லாச் சுவாசம் என்கிறோம். சில பாக்டீரியாக்கள் பெர்குளோரேட்டிடம் எலெக்ட்ரானைக் கொடுக்கக் கற்றிருக்கின்றன.

ஆய்வகத்தில் இதைக் கண்ணால் பார்க்கலாம். ஒரு கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் கறுப்புச் சேற்றைப் போட்டு, நைட்ரஜனைச் செலுத்திக் காற்றை வெளியேற்றி, ரப்பர் மூடியால் இறுக்குகிறார்கள். உணவாகக் கொஞ்சம் அசிட்டேட்டும், சுவாசிக்கப் பெர்குளோரேட்டும் ஊசி வழியாக உள்ளே போகின்றன. குப்பியை இருட்டில் வைத்துவிட்டு, அவ்வப்போது ஊசியில் ஒரு சொட்டு எடுத்து அளக்கிறார்கள். முதலில் மாற்றமே தெரியாது. பிறகு பெர்குளோரேட் மளமளவென்று குறைகிறது. குறைந்த அளவுக்குச் சரியாகக் குளோரைடு ஏறுகிறது. குளோரைடு என்பது நம் சாப்பாட்டு உப்பில் பாதி. நஞ்சு சாதாரண உப்பாக மாறிவிட்டது.

நடுவில் நடப்பதுதான் விந்தை. மாலிப்டினம் என்ற உலோகத்தைத் தாங்கிய ஒரு நொதி, பெர்குளோரேட்டின் நான்கு ஆக்சிஜனில் இரண்டைக் கழற்றுகிறது. மிஞ்சுவது குளோரைட், பாக்டீரியாவையே கொல்லக்கூடிய விஷம். உடனே இன்னொரு நொதி அதை உடைத்துக் குளோரைடாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கிறது. நம் ரத்தத்தின் ஹீமோகுளோபினில் இருக்கும் அதே ஹீம் இந்த நொதியிலும் உண்டு. நெதர்லாந்தில் வான் கின்கல் குழுவினர் 1996-ல் இதைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். வெளிச்சமும் காற்றும் இல்லாத இருட்டுச் சேற்றில் ஓர் உயிர் ஆக்சிஜனை உண்டாக்கி, அதைத் தானே பயன்படுத்தியும் கொள்கிறது.

இவை அபூர்வ உயிர்களும் அல்ல. அமெரிக்காவில் ஜான் கோட்ஸ், லாரி ஆக்கன்பாக் இருவரும் சகாக்களோடு 1999-ல் வெளியிட்ட ஆய்வில், மாசுபட்ட மண், மாசே படாத மண், நீரடி வண்டல், காகித ஆலைக் கழிவு, பண்ணைக் கழிவுக்குட்டை என்று தேடிய இடமெல்லாம் இவை கிடைத்தன. டெக்குளோரோமோனாஸ், அசோஸ்பைரா ஆகிய இரண்டும் முக்கியமான பேரினங்கள். அசோஸ்பைராவின் உறவினர்கள் நெல், புல் வேர்களில் குடியிருந்து காற்றின் நைட்ரஜனைப் பயிருக்குச் சேர்ப்பவர்கள். இந்தப் பாக்டீரியாக்களை நாம் வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்ய வேண்டியதில்லை.

இருந்தும் ஏன் கிணறு சுத்தமாகவில்லை?

நியாயமான கேள்வி. விடை அந்த உயிர்களின் தேவையில் இருக்கிறது. அவற்றுக்கு மூன்று விஷயங்கள் ஒருங்கே அமைய வேண்டும்.

முதலாவது, காற்று இருக்கக் கூடாது. ஆக்சிஜன் கிடைத்தால் அதைத்தான் சுவாசிக்கும், பெர்குளோரேட்டைச் சீந்தாது. இரண்டாவது, நைட்ரேட் குறைவாக இருக்க வேண்டும். யூரியா போட்ட நிலத்துக் கிணற்றில் நைட்ரேட் மிகுந்திருந்தால் பல பாக்டீரியாக்கள் முதலில் அதை முடித்துவிட்டுத்தான் இதற்கு வரும். மூன்றாவது, உணவு வேண்டும். கண்மாய்ச் சேற்றில் மக்கிய இலைதழை உண்டு. பாறை இடுக்கின் தண்ணீரில் மக்கு கிடையாது. அங்கே பாக்டீரியா பட்டினி, பெர்குளோரேட் பத்திரம்.

மேற்பரப்பு நீரில் 30, கிணற்றில் 7,690 என்ற வித்தியாசத்துக்கு மழைநீர் கலப்பது உட்படப் பல காரணங்கள் இருக்கலாம். ஆனால் காற்றில்லாச் சேறு பெர்குளோரேட்டை உடைக்கும் என்பதே, ஊருக்கு ஊர் கண்மாயும் ஊருணியும் தூர்ந்துபோகாமல் ஈரச் சேற்றோடு கிடக்க வேண்டும் என்பதற்கு ஓர் அறிவியல் காரணம். வடகிழக்குப் பருவமழையில் கரிசல் ஊறி உப்பி, வெடிப்பு மூடி, காற்றுப் புகாமல் கிடக்கும் மாதங்கள்தாம் இந்த உயிர்களுக்கு அறுவடைக் காலம்.

நெவாடா காட்டிய வழி, கேரளம் தந்த பாடம்

அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில், லாஸ் வேகாஸ் அருகே ஹெண்டர்சன் என்ற ஊரில் ராக்கெட்டுக்கான அம்மோனியம் பெர்குளோரேட்டை டன் டன்னாகத் தயாரித்தார்கள். அது நிலத்தடியில் இறங்கி, மீட் ஏரியில் சேர்ந்து, கொலராடோ ஆற்றில் ஓடியது. 1997-ல், நுண்ணிய அளவையும் காட்டும் சோதனை முறை வந்த பிறகுதான் விஷயம் வெளியே தெரிந்தது. அந்த ஆற்று நீர் பாய்ந்த தோட்டங்களின் லெட்டூஸ் கீரையிலும் பெர்குளோரேட் ஏறியிருந்தது. இலைக்காய்கறிகள் இதை உறிஞ்சி இலையில் சேர்த்துக்கொள்ளும் என்பது நம் கீரைப் பாத்திக்காரர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய சேதி.

அங்கே தீர்வாக வந்தது பாக்டீரியாதான். நிலத்தடி நீரை மேலே இறைத்து, உயரமான தொட்டிகளுக்குள் செலுத்துகிறார்கள். உள்ளே மிதக்கும் துகள்கள்மேல் பாக்டீரியா படலமாக வளர்ந்திருக்கிறது. உணவாக எத்தனால் சொட்டுகிறது. தொட்டியை விட்டு வெளியேறும் தண்ணீரில் பெர்குளோரேட் ஏறக்குறைய இல்லை. 2000-களின் தொடக்கத்திலிருந்து ஆண்டுக்கணக்காக இது ஓடுகிறது.

பக்கத்து மாநிலத்துக்கு வருவோம். எர்ணாகுளம் மாவட்டம் ஆலுவா அருகே இஸ்ரோவின் அம்மோனியம் பெர்குளோரேட் ஆலை இருக்கிறது. சுற்றுவட்டாரக் கிணறுகளில் லிட்டருக்கு ஆயிரக்கணக்கான மைக்ரோகிராம் பெர்குளோரேட் இருப்பதைத் திருவனந்தபுரத்து சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வு நிறுவனமான நிஸ்ட்டின் விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். அதோடு நிற்காமல், செராஷியா மார்செசென்ஸ் என்ற பாக்டீரியா வகை, உப்பு மிகுந்த நீரிலும் பெர்குளோரேட்டை உடைப்பதை 2013-ல் வெளியிட்டார்கள். உவர்ப்புத் தண்ணீருக்குப் பேர்போன நம் கரிசல் பூமிக்கு இது நேரடியாகப் பயன்படக்கூடிய அறிவு.

■ பெட்டிச் செய்தி: பருத்திக்காட்டின் பழைய பாக்கி
குளோரின் நஞ்சு என்றால் கரிசல் சம்சாரிக்கு முதலில் நினைவுக்கு வருவது பூச்சிக்கொல்லிகளான பி.எச்.சி. பொடியும் எண்டோசல்ஃபானும். பி.எச்.சி.க்கு இந்தியாவில் 1997-லும், எண்டோசல்ஃபானுக்கு உச்சநீதிமன்ற உத்தரவால் 2011-லும் தடை வந்தது.
• பி.எச்.சி.யையும் காற்றில்லாச் சேறு சிதைக்கும். பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் கே. ராகு, ஐ.சி. மெக்ரே இருவரும் 1966-ல் அதைக் காட்டினார்கள். நீர் கட்டிய வயல் மண்ணில், பி.எச்.சி.யின் ஒரு வடிவமான லிண்டேன் சிதைந்தது. இரண்டாம் முறை போட்டபோது இன்னும் வேகமாக மறைந்தது. கிருமி நீக்கிய மண்ணில் நீடித்தது.
• குளோரின் சேர்ந்த கரைப்பான்களைச் சுவாசித்தே வாழும் டீஹாலோகாக்காய்டிஸ் என்ற பாக்டீரியாவை 1997-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தார் வளர்த்துக் காட்டினார்கள். உலகின் பல தொழிற்பேட்டைகளில் நிலத்தடி நீரை இன்று அதுதான் சுத்தம் செய்கிறது.

ஆபீஸ் வாசலிலேயே நிறுத்தலாம்

தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களை மூடச் சொல்வது இந்தக் கட்டுரையின் நோக்கம் இல்லை. மழை பொய்த்த ஆண்டுகளில் இந்த வட்டாரத்துக் குடும்பங்களைப் பட்டினியிலிருந்து காத்தது இந்த ஆபீஸ்களில் பெண்கள் வாங்கிய வாரச் சம்பளம். அந்தப் பெண்களே தங்கள் வீட்டுக் கிணற்றிலிருந்து நஞ்சை இறைக்கும் நிலை கூடாது என்பதுதான் கேட்பது.

கிணற்றுக்குள் இறங்கிய பிறகு துரத்துவதைவிட, ஆலை வாசலில் நிறுத்துவது எளிது, மலிவு. கழுவு நீரைத் தரையில் விடாமல் கசியாத தொட்டியில் சேர்க்கலாம். பல ஆபீஸ்களுக்குப் பொதுவாக ஒரு சுத்திகரிப்புத் தொட்டி கட்டலாம். ஜல்லிப் படுகையில் பாக்டீரியாவை வளர்த்து, காற்றுப் புகாமல் மூடி, சர்க்கரை ஆலை மொலாசஸ் போன்ற மலிவான உணவைக் கொடுத்து நடத்தும் முறை தெரிந்த தொழில்நுட்பம்தான். தீப்பெட்டி மருந்தின் குளோரேட்டையும் இதே பாக்டீரியாக்கள் உடைக்கும்.

எச்சரிக்கையும் வேண்டும். 'கிணற்றில் ஊற்றினால் போதும்' என்று யாராவது பாக்டீரியா பாட்டில் விற்றால் வாங்காதீர்கள். கிணற்றுக்குள்ளேயே மொலாசஸைக் கொட்டினால் தண்ணீர் அழுகும். பாறையிலுள்ள இரும்பும் மாங்கனீசும் கரைந்து வரும். சுத்திகரிப்பு தனித் தொட்டியில் நடக்க வேண்டும். வெளிவரும் நீருக்குக் காற்றேற்றி, வடிகட்டி, கிருமி நீக்க வேண்டும். ஆர்.ஓ. இயந்திரம் வீட்டுக்கு உதவும்; நல்ல சவ்வு பெர்குளோரேட்டின் பெரும்பகுதியை நிறுத்திவிடும். ஆனால் நிறுத்தியதெல்லாம் கழிவுக் குழாய் வழியாகச் செறிவாக வெளியேறும். அந்தத் தண்ணீரைக் கீரைப் பாத்திக்கு விடக் கூடாது.

செய்ய வேண்டியவை

கோவில்பட்டியில் 1901 முதல் வேளாண் ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. கரிசல் மண்ணின் குணத்தை அதைவிட நன்றாக அறிந்த இடம் வேறில்லை. நம் கண்மாய்ச் சேற்றின் பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்து, உவர்நீரில் பழக்கி, மொலாசஸில் வளர்த்துப் பார்க்கும் வேலையை அங்கேயே தொடங்கலாம்.

அதற்கும் முன்னால் அளக்க வேண்டும். டி.டி.எஸ்., புளோரைடு, நைட்ரேட் பார்க்கிற வழக்கமான தண்ணீர்ச் சோதனை பெர்குளோரேட்டைக் காட்டாது. அதற்குத் தனி இயந்திரம் வேண்டும். சட்டத்தில் வரம்பு இல்லாததால் யாரும் அளப்பதில்லை. யாரும் அளக்காததால் வரம்பு வேண்டும் என்ற கோரிக்கையே எழுவதில்லை. இந்தச் சுழலை அரசுதான் உடைக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைப்பு குடிநீரில் பெர்குளோரேட்டுக்கு வரம்பு குறிக்க வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை, எட்டயபுரம் வட்டாரக் கிணறுகளைச் சோதித்து, ஊர்வாரியாக முடிவைப் பஞ்சாயத்துப் பலகையில் ஒட்ட வேண்டும். அளவு மீறிய ஊருக்கு அன்றே தாமிரபரணிக் குழாயை முன்னுரிமையில் தர வேண்டும்.

வாசகர்களும் தங்கள் பங்குக்கு இரண்டு காரியம் செய்யலாம். வீட்டுக்கு அயோடின் சேர்த்த உப்பையே வாங்குங்கள். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் எழுந்து நின்று, நம் ஊர்க் கிணற்றில் பெர்குளோரேட் எவ்வளவு என்று கேளுங்கள். அந்தக் கேள்வியைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். நஞ்சை உப்பாக்கும் உயிரை மண் தந்திருக்கிறது. எந்தக் கிணற்றுக்கு அது வேண்டும் என்று கண்டுபிடித்துச் சொல்வது அரசின் கடமை. சொல்லவைப்பது நம் கடமை.